இரண்டு ஊர், இரண்டு ஆள், ஒரு லோஃபை ஜாஸ் டிராக்: எங்கே உதைக்கிறது?

ஒருவர் வீட்டில் கீபோர்டும் சாம்ப்ளரும் (ஒலித் துண்டுகளைப் பதிந்து வாசிக்கிற கருவி), இன்னொருவர் வீட்டில் சாக்ஸபோனோ கிட்டாரோ, நடுவில் கூகுள் டிரைவ். இப்படி வேலை செய்பவர்களுக்கு வருகிற கோளாறுகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே சிலதான். சினிமாப் பாட்டில் கோளாறு வந்தால் உடனே காதில் குத்தும். இங்கே குத்தாது. லோஃபை என்றாலே கொஞ்சம் ஆட்டம், கொஞ்சம் இரைச்சல். எக்ஸ்பெரிமென்டல் ஜாஸ் என்றாலே கொஞ்சம் அபஸ்வரம். அதனால் வெறும் கேபிள் கோளாறுகூட ஸ்டைல் என்று வேஷம் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருக்கும், நீங்களோ கூட்டாளிக்குத் தாள ஞானம் போதாது என்று மனசுக்குள் முடிவு கட்டியிருப்பீர்கள்.

எனவே வாசிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். கீழே அறிகுறிப்படி பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகிற காரணம் முதலில் வரும், பர்ஸைத் திறக்க வேண்டியது கடைசியில். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

## அறிகுறி: அவர் வாசித்தது தாளத்தில் உட்காரவில்லை

அவர் அனுப்பிய டிராக்கை உங்கள் ப்ராஜெக்டில் போட்டு நன்றாக ஜூம் செய்யுங்கள். ஆரம்பத்தில் ஒரு அடி, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று மூன்று இடங்களில் கிரிட்டிலிருந்து (திரையில் தாளத்தைக் காட்டுகிற கோடுகள்) எத்தனை மில்லிசெகண்ட் விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தெளிவாகத் தொடங்குகிற சுரங்களாகப் பார்த்து எடுங்கள். மூச்சோடு மெதுவாக எழும்புகிற சாக்ஸ் சுரம் அளக்க உதவாது. மூன்று எண்ணும் கையில் வந்ததும் வழி பிரியும்.

### மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே விலகல்

இது ஆள் கோளாறு இல்லை. ஃபைல் அல்லது கருவி.

விலகல் செகண்ட் கணக்கில்: அவர் தான் வாசிக்க ஆரம்பித்த இடத்திலிருந்து ஃபைலை வெட்டி அனுப்பியிருக்கிறார். முதல் பாரின் (தாளத்தின் ஒரு சுற்று) முதல் அடியிலிருந்து, காலியாக இருந்தாலும் பரவாயில்லை, முழு நீளத்துக்கு எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லுங்கள். முடிந்தது.

சுமார் 25 மில்லிசெகண்ட் தாமதம்: நீங்கள் அவருக்கு கைடு டிராக்கை (அவர் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்காக அனுப்புவது) எம்பி3ஆக அனுப்பினீர்களா? எம்பி3 ஆக்கும்போதும் திறக்கும்போதும் ஃபைலின் முன்னால் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடும். லேம் என்கிற எம்பி3 என்கோடரில் 576 சாம்பிள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கிறார்களே, அதில் ஓர் அளவு), திறக்கும் பக்கம் 529 சாம்பிள், ஆக 1105 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் 25 மில்லிசெகண்ட். சில மென்பொருள் அதைக் கழித்துவிடும், சில கழிக்காது, உங்கள் இருவருடையதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கைடு டிராக்கும் சுருக்காத வேவ் ஃபைலாகவே போகட்டும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

100 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதம்: புளூடூத் ஹெட்ஃபோன். கேட்டால் "இல்லையே, நல்ல ஹெட்ஃபோன்தான்" என்பார். நல்லதோ கெட்டதோ, ஒயர் வேண்டும்.

5 முதல் 40 மில்லிசெகண்டுக்குள் ஏதோ ஓர் எண்: அவருடைய இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கருவியையும் கணினியோடு இணைப்பது) தன்னுடைய தாமதத்தை மென்பொருளுக்குத் தவறாகச் சொல்கிறது. லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டில், கிடைத்த ஏதோ டிரைவரைப் போட்டு ஓட்டினால் இது சகஜம். அவரை லூப்பேக் சோதனை செய்யச் சொல்லுங்கள். இன்டர்ஃபேஸ் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட வேண்டும், மானிட்டரிங்கை அணைத்துவிட வேண்டும் (அணைக்காவிட்டால் வீடே அலறும்), ஒரு டிராக்கில் கிளிக் (மெட்ரோனோம் தட்டு) ஓட விட்டு அதை இன்னொரு டிராக்கில் ரெக்கார்ட் செய்ய வேண்டும். இரண்டு கிளிக்குக்கும் நடுவில் எத்தனை சாம்பிள் வித்தியாசமோ அதுதான் எண். ரீப்பர் மென்பொருளில் ஆடியோ ரெக்கார்டிங் செட்டிங்கில் மேனுவல் ஆஃப்செட் என்று ஒரு கட்டம் இருக்கும், ஏபிள்டன் மென்பொருளில் டிரைவர் எரர் காம்பென்சேஷன். அங்கே போட்டுவிட்டு மறுபடி சோதித்தால் விலகல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். பஃபர் அளவையோ (கணினி ஒரு தடவைக்குக் கையாளுகிற ஒலியின் அளவு) சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் இன்னொரு முறை சோதியுங்கள்.

இந்தச் சோதனையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 84 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 84 அடி) 58 சதவீத ஸ்விங் (ஒன்றுவிட்டு ஒரு சுரத்தைக் கொஞ்சம் தாமதிப்பது) போட்டால் இரண்டாவது பதினாறாம் சுரம் நேர் இடத்திலிருந்து கிட்டத்தட்ட 29 மில்லிசெகண்ட் தள்ளி விழும். அதாவது இந்த இசைக்கு உயிர் கொடுக்கிற விலகலும், தவறான டிரைவர் கொடுக்கிற விலகலும் ஒரே அளவுதான். காதால் பிரிக்கவே முடியாது.

### விலகல் போகப் போகக் கூடுகிறது

ஒரு நிமிடத்திலேயே முந்நூறு, நானூறு மில்லிசெகண்ட் ஓடிவிட்டது என்றால் டெம்போ எண் ஒத்துப்போகவில்லை. 84க்கும் 84.5க்கும் நடுவே மட்டும் நிமிடத்துக்கு 350 மில்லிசெகண்டுக்கு மேல் வரும். பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்த லூப் (திரும்பத் திரும்ப ஓடுகிற துண்டு) 83.7 என்று இருந்திருக்கும், திரையில் 84 என்று காட்டியிருக்கும். தசமத்தோடு எழுதி அனுப்புங்கள்.

ஓட்டம் கூடவே சுருதியும் மாறியிருந்தால் இந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த அறிகுறிக்குப் போங்கள், அது சாம்பிள் ரேட்.

நிமிடத்துக்கு ஓரிரு மில்லிசெகண்ட் மட்டும்தான் ஓடுகிறது, அவர் தனியாக ஒரு கையடக்க ரெக்கார்டரிலோ போனிலோ பதிவு செய்திருக்கிறார் என்றால், இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றல்ல, அவ்வளவுதான். நான்கு நிமிட டிராக்குக்கு இதைச் சட்டை செய்ய வேண்டாம். அரை மணி நேர இம்ப்ரொவைசேஷன் என்றால் ஆரம்பத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு வைத்துக்கொண்டு, இரண்டும் பொருந்துகிற அளவுக்கு ஃபைலை மிகச் சிறிதாக இழுக்கலாம், இல்லாவிட்டால் மௌனம் வருகிற இடங்களில் வெட்டி நகர்த்தலாம்.

கேசட்டில் பதிவு செய்து அனுப்புகிறார் என்றால் ஓட்டம் ஒரே சீராகவும் இருக்காது. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்பது பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு. பெல்ட் தளர்ந்த பழைய டெக் தன் இஷ்டத்துக்கு ஓடும். கேசட்டை நிறத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே வாசிப்பை டிஜிட்டலிலும் ஒரு பிரதி எடுத்திருந்தால் அதுதான் தாளத்துக்கு ஆதாரம்.

### விலகல் முன்னும் பின்னும் அலைகிறது

இங்கேதான் மனிதர் வருகிறார். அப்போதும் உடனே அவரைக் குறை சொல்ல வேண்டாம், நீங்கள் அனுப்பிய கைடைப் பாருங்கள். ஹை-ஹாட் (டிரம் கிட்டின் இணைத் தட்டு) ஸ்விங்கில் இருக்கிறது, கூடவே நேர் கிளிக்கும் ஓடுகிறது என்றால் அவர் இரண்டில் எதைப் பிடிப்பார்? கிளிக்கை எடுத்துவிட்டு ஹை-ஹாட்டும் பேஸும் மட்டும் அனுப்புங்கள், முன்னால் இரண்டு பார் எண்ணிக்கை இருக்கட்டும்.

அடுத்தது, நீங்களே பீட்டைத் தள்ளாட விட்டு அனுப்பியிருந்தால், அதன் மேல் அவரும் சாய்ந்து வாசிப்பார், இரண்டு தள்ளாட்டமும் சேர்ந்து ஒன்றுமில்லாமல் போகும். டெட்ராய்ட்டின் பீட் தயாரிப்பாளர் ஜே டில்லா எம்பிசி 3000 என்ற சாம்ப்ளரில் தட்டிய டிரம்ஸ் கிரிட்டில் உட்காராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த அடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கும், அதைத்தான் நகலெடுக்கிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஒரு டிராக்கில் ஒருவர் கையில்தான் காலப்பிரமாணம் இருக்க வேண்டும். மற்றவர் தாராளமாக அலையலாம்.

### விலகல் சரியாக அரை அடி அல்லது ஒரு அடி

அவர் சரியாகத்தான் வாசிக்கிறார், "ஒன்று" எங்கே என்பதில்தான் தகராறு. லோஃபை லூப்பில் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) அரை அடி முன்னாலேயே விழுந்து தொங்குவது வழக்கம். டிரம்ஸ் இல்லாத பகுதியில் அந்தக் கார்டையே சமம் (தாளத்தின் முதல் அடி) என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார். கர்நாடக சங்கீதம் பழகியவர் என்றால் "அதீத எடுப்பு" (சமத்துக்கு முன்னாலேயே தொடங்குவது) என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றவர்களுக்கு முதல் நான்கு பாருக்கு மட்டும் ஒன்றில் ஒரு கிக் டிரம் அடி வைத்து அனுப்புங்கள், பிறகு எடுத்துவிடலாம்.

தாள விஷயத்துக்கு வெளியாள் தேவைப்படுவது அபூர்வம். பல மைக் வைத்துப் பதிவு செய்த முழு டிரம் கிட்டை நகர்த்த வேண்டியிருந்தால் மட்டும் எடிட்டிங் தெரிந்த இன்ஜினியரிடம் கொடுங்கள். ஒரு மைக்கை நகர்த்தி மற்றதை விட்டால் சத்தம் ஒல்லியாகிவிடும்.

## அறிகுறி: சுருதி சேரவில்லை

எவ்வளவு சேரவில்லை என்பதுதான் முழுப் பதிலும். ட்யூனர் ஆப் ஒன்றை ஓட விட்டு, உங்கள் டிராக்கில் ஒரு நீண்ட சுரம், அவர் டிராக்கில் அதே சுரம், இரண்டையும் படியுங்கள்.

ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (ஒரு செமிடோன் என்பது அரைச் சுரம்): ஒருவர் 44.1இல், இன்னொருவர் 48 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறீர்கள், நடுவில் யாருடைய மென்பொருளோ மாற்றாமல் அப்படியே ஓட்டிவிட்டது. நீளத்தைப் பார்த்தாலே தெரியும். நான்கு நிமிட டிராக் மூன்று நிமிடம் நாற்பது செகண்டாகச் சுருங்கியிருக்கும், எதிர்த்திசை என்றால் நான்கு நிமிடம் இருபத்தொரு செகண்டாக நீண்டிருக்கும். ஃபைலை முறையாக கன்வர்ட் செய்யுங்கள், இனி இரண்டு பேரும் 48 என்றோ 44.1 என்றோ ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். இப்படித் தவறி மெதுவான டிராக் சில நேரம் அசலைவிட அழகாக இருந்து தொலைக்கும். வைத்துக்கொள்ளலாம், ஆனால் கார்டு சார்ட்டை (கார்டுகளை எழுதிய தாள்) திருத்தி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரியாக இரண்டு செமிடோன் கீழே: டெனர் சாக்ஸோ டிரம்பெட்டோ வாசிக்கிறவர் நீங்கள் அனுப்பிய சார்ட்டை அப்படியே படித்திருக்கிறார். அவை பி ஃப்ளாட் கருவிகள். உங்கள் சி அவருக்கு டி என்று எழுதப்பட வேண்டும். மூன்று செமிடோன் மேலே நிற்கிறது என்றால் ஆல்டோ, அது ஈ ஃப்ளாட் கருவி. உங்கள் சி அவருக்கு ஏ. சார்ட்டின் தலையில் "கான்சர்ட் பிட்ச்" (கீபோர்டில் ஒலிக்கிற சுருதி) என்று எழுதினால் அனுபவம் உள்ளவர் தானே மாற்றிக்கொள்வார். உங்கள் ஊர்க் கச்சேரி வழக்கப்படி நாலு கட்டை, அஞ்சரைக் கட்டை என்று பேசிக்கொள்கிறவர்கள் என்றால், கட்டை கீபோர்டு கணக்கா அவர் கருவிக் கணக்கா என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எட்டு முதல் நாற்பது சென்ட் வரை (நூறு சென்ட் ஒரு செமிடோன்), முழுக்க ஒரே அளவு: ஏ சுரம் என்றால் 440 ஹெர்ட்ஸ் என்று நீங்கள் வைத்திருக்கிறீர்கள், அவர் 442 வைத்திருந்தால் 8 சென்ட் வரும், 432 என்ற பித்துப் பிடித்தவர் என்றால் 32 சென்ட். அதைவிட அதிகம் நடப்பது உங்கள் பக்கத் தவறு. லூப்பை ரெக்கார்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ எடுத்து வேகத்தை இழுத்திருப்பீர்கள்; ஒரு சதவீத வேக மாற்றத்துக்கு 17 சென்ட். அனுப்புவதற்கு முன்னால் லூப்பை 440க்குக் கொண்டுவந்து அனுப்புங்கள். ஒருவரிடம் இருப்பது பழைய அப்ரைட் பியானோ என்றால் கதை தலைகீழ். பியானோ நகராது, மற்ற எல்லாம்தான் அதனிடம் போக வேண்டும்.

ஆரம்பத்தில் சரி, போகப் போக ஏறுகிறது: ஏசி அறையில் குளிர்ந்த சாக்ஸை எடுத்து நேராக ரெக்கார்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார். பத்து நிமிடம் ஊதிவிட்டு ட்யூன் செய்யட்டும்.

சுருதி நிலையாகவே இல்லை, நெளிகிறது: இதற்குக் காரணம் பத்தில் எட்டு முறை நீங்கள்தான் என்று பந்தயம் கட்டுவேன். கைடு டிராக்கில் டேப் வௌ எஃபெக்ட் (பழைய டேப் போலச் சுருதியை நெளிய விடுவது) போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கேட்க இதமாக இருக்கும், ஆனால் எதில் சுருதி சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் உங்கள் நெளிவைத் துரத்தித் துரத்தி உதட்டை மாற்றுகிறார், பிறகு நீங்கள் மிக்ஸில் நெளிவின் அளவைக் குறைத்ததும் அவருடைய துரத்தல் மட்டும் அம்மணமாக நிற்கிறது. கைடு எப்போதும் சுத்தமாகப் போக வேண்டும்.

ட்யூனர் சரி என்கிறது, காது இல்லை என்கிறது: கார்டு பிரச்சினை. நீங்கள் டி மைனர் செவன் என்று எழுதுவதும் அவர் எஃப் சிக்ஸ் என்று நினைப்பதும் அதே நான்கு சுரங்கள்தான், அதில் சண்டை வராது. சண்டை வருவது மேஜர் கார்டின் மேல் அவர் நான்காம் சுரத்தில் நீண்ட நேரம் நிற்கும்போது. உங்கள் கார்டில் மூன்றாம் சுரம் இருக்கிறது, அதற்கு அரைச் சுரம் மேலே அவர். ஒன்று, நீங்கள் மூன்றாம் சுரத்தை எடுத்துவிட்டு சஸ் கார்டு ஆக்குங்கள், இல்லையென்றால் அவர் நான்கை அரைச் சுரம் ஏற்றட்டும். மூன்றாவது வழி, அந்த உரசல்தான் வேண்டும் என்று இரண்டு பேரும் தெரிந்தே வைத்துக்கொள்வது. சார்ட்டில் கார்டு பெயர் மட்டும் போடாமல் நீங்கள் விரல் வைத்த சுரங்களையும் எழுதினால் இந்தப் பேச்சே பாதியாகிவிடும்.

எப்போது வெளியாள்: சாக்ஸில் குறிப்பிட்ட ஒன்றிரண்டு சுரம் மட்டும் தப்பாக வருகிறது, அடி சுரங்கள் பேசவே மறுக்கின்றன என்றால் பேட் (துளையை மூடுகிற மூடி) கசிகிறது, ரிப்பேர் செய்பவரிடம் போக வேண்டும். மென்பொருளில் சுருதி திருத்திக்கொண்டே இருப்பது நேர விரயம். பியானோ மொத்தமாக இறங்கிக் கிடந்தால் பியானோ ட்யூன் செய்பவரைக் கூப்பிடுங்கள், பல வருஷம் தொடாத பியானோ ஒரே தடவையில் நிற்காது என்பதையும் அவரிடம் பேசிவிட்டு நாள் குறியுங்கள்.

## அறிகுறி: தனித்தனியாக அழகு, சேர்த்தால் சேறு

### இரண்டு பேருமே லோஃபை செய்திருக்கிறீர்களா?

இதுதான் முதல் கேள்வி. நீங்கள் ரெக்கார்டு கீறல் சத்தம் போட்டிருப்பீர்கள், அவரும் போட்டிருப்பார். நீங்கள் ஹை ஃப்ரீக்வென்சியை வெட்டியிருப்பீர்கள், அவரும் வெட்டியிருப்பார். ஒரே அளவு இரைச்சல் இரண்டு சேர்ந்தால் 3 டெசிபல் கூடும், நான்கு டிராக்கில் இருந்தால் 6. அதைவிட மோசம், இரண்டு பேரும் இணையத்தில் கிடைத்த அதே கீறல் லூப்பைப் போட்டிருப்பீர்கள், அது நான்கு செகண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில் "டிக்" என்று சொல்லிக் காட்டிக்கொடுக்கும்.

சோதனை சுலபம். எல்லா டிராக்கிலும் எல்லா எஃபெக்ட்டையும் பைபாஸ் செய்துவிட்டு (தற்காலிகமாக அணைத்துவிட்டு) கேளுங்கள். அப்போதும் சேறு என்றால் கீழே போங்கள். தெளிந்துவிட்டது என்றால், இனிமேல் அவர் 24 பிட் வேவில் உலர்ந்த (எஃபெக்ட் இல்லாத) டிராக் ஒன்றும், தனக்குப் பிடித்த எஃபெக்ட்டோடு ஒன்றும் என்று இரண்டு அனுப்பட்டும். அழுக்கு ஒரே ஒரு இடத்தில், கடைசியில், ஒருவர் கையால் விழட்டும். ஈமு எஸ்பி-1200 என்று 1987இல் வந்த சாம்ப்ளர், 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ், மொத்தமே பத்து செகண்ட்தான் பிடிக்கும். அந்தக் கரகரப்பு பிடித்துப்போய்த்தான் இன்று எல்லோரும் ப்ளக்-இன்னில் (மென்பொருளோடு சேர்க்கிற துணைநிரல்) தேடுகிறோம். அந்தப் பெட்டி வழியாக ஒரு சத்தம் ஒரு முறைதான் போனது, நாம் மூன்று முறை போட்டு எடுக்கிறோம்.

### பைபாஸ் செய்தும் சேறுதான்

இடது கையைப் பாருங்கள். பேஸ் டிராக் ஒன்று இருக்கிறது, அதற்குமேல் எலெக்ட்ரிக் பியானோவில் நீங்கள் ரூட்டையும் (கார்டின் ஆதார சுரம்) ஐந்தாம் சுரத்தையும் அடியில் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். விடுங்கள். மூன்றும் ஏழும் மட்டும் பிடித்தாலே கார்டு என்னவென்று சொல்லிவிடும், மேலே ஒரு ஒன்பது வைத்தால் போதும். ஈக்யூவை (அதிர்வெண்வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) தொடுவதற்கு முன்னால் இதைச் செய்தால் பாதி வேலை முடியும்.

இன்னும் மீதி இருந்தால் 200இலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை. பியானோ, கிட்டார், டெனர் சாக்ஸ் மூன்றும் அங்கேதான் குடியிருக்கின்றன. எல்லாவற்றிலும் வெட்டாமல் யார் அந்தப் பகுதியில் முன்னால் நிற்கிறார் என்று முடிவு செய்து மற்றவர்களிடம் இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள்.

பிறகு அறை. அவர் டைல்ஸ் போட்ட காலி ஹாலில் ஊதியிருந்தால் அந்த எதிரொலியை எதாலும் கழிக்க முடியாது. கட்டிலில் கிடக்கிற ஜமக்காளத்தை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, மைக்கைக் கிட்டே கொண்டுவந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மைக்கை பெல்லுக்குள் நேராக வைக்காமல் சாவிகள் பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தால் சுரங்கள் சமமாக வரும்.

கடைசியாக மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி) ஒரு முறை கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள் நிறைய. மோனோவில் பியானோ காணாமல் போனால் யாரோ ஸ்டீரியோ அகலப்படுத்தும் ப்ளக்-இன்னை அளவுக்கு மேல் திருகியிருக்கிறார்கள்.

எப்போது வெளியாள்: இவ்வளவும் செய்து, இரண்டு பேருக்கும் பழகிய காது மரத்துப்போன பிறகு மிக்ஸிங் இன்ஜினியரிடம் கொடுங்கள், உலர்ந்த டிராக்குகளோடு. மாஸ்டரிங்குக்கு (வெளியிடுவதற்கு முந்தைய கடைசி மெருகு) அனுப்பும்போது சத்தத்தை ஏற்றி நசுக்கி அனுப்பாதீர்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கிற அலகு) பக்கம் இறக்கித்தான் ஓட்டும், நசுக்கியது மட்டும் மிச்சம்.

## அறிகுறி: அடியில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல்

டேப் இரைச்சல் என்று நினைத்து விட்டுவைப்பது இதைத்தான். அனலைசரில் (அதிர்வெண்களை வரைந்து காட்டுகிற மென்பொருள்) 50, 100, 150 ஹெர்ட்ஸில் கூர்மையான முட்கள் தெரிந்தால் அது டேப் இல்லை, கரண்ட்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். போய்விட்டதா, இனி பேட்டரியில் ரெக்கார்ட் செய்யுங்கள், இல்லையென்றால் கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கிற சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் ஒன்று வாங்குங்கள். போகவில்லையா, சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை அணையுங்கள். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் சிங்கிள் காயில் பிக்கப் உள்ள எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பரம விரோதி. அப்புறம் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றித் திரும்புங்கள், ஒரு கோணத்தில் சத்தம் குறையும், அப்படியே உட்கார்ந்து வாசியுங்கள். அடுத்தது கேபிளை மாற்றுவது.

கிட்டார் கம்பியையோ மைக்கையோ தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அந்த நிமிடமே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்துகிற யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

## அறிகுறி: நெட்டில் நேரடியாகச் சேர்ந்து வாசித்தால் இழுத்துக்கொண்டே போகிறது

வீடியோ கால் ஆப்களில் முயற்சி செய்துகொண்டிருந்தால் முதலில் அதை விடுங்கள். அவை பேச்சுக்கானவை, சாக்ஸின் நீண்ட சுரத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும்.

ஒரு பக்கத் தாமதம் 25 மில்லிசெகண்டைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து டெம்போ தானாக இறங்கும். ஃபைபரில் 200 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை–கோவை என்றால் தூரத்தால் பிரச்சினை இல்லை. வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறி, நெட்டில் சேர்ந்து வாசிப்பதற்கான ஜாமுலஸோ, ஸ்டான்ஃபோர்டில் உருவான ஜாக்டிரிப்போ போட்டு, பஃபரை 128க்கு இறக்கிப் பாருங்கள். சென்னை–லண்டன் என்றால் நேர்கோட்டிலேயே 40 மில்லிசெகண்ட் ஆகிவிடும், எந்தக் கேபிள் வாங்கியும் பயனில்லை, காசைச் செலவழிக்காதீர்கள். அந்தத் தூரத்துக்கு நிஞ்ஜாம் என்று 2005இல் வந்த ஒரு வழி உண்டு. தாமதத்தைக் குறைக்காமல் வேண்டுமென்றே முழு பார்களாக நீட்டிவிடும், நீங்கள் வாசித்தது அவருக்கு அடுத்த சுற்றில் கேட்கும். கார்டு மாறுகிற ஜாஸ் ஸ்டாண்டர்டு பாட்டுகளுக்கு ஆகாது. ஒரே கார்டில் சுற்றுகிற வேம்ப்புக்கு அருமை, எக்ஸ்பெரிமென்டல் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

## அறிகுறி: ஃபைல் திறக்கவில்லை, எது கடைசி வெர்ஷன் என்று தெரியவில்லை

ப்ராஜெக்ட் ஃபைல் அனுப்புவதை நிறுத்திவிட்டு வேவ் மட்டும் அனுப்புங்கள், அவரிடம் உங்கள் ப்ளக்-இன் இருக்காது. பெயரில் பாட்டு, டெம்போ, ஸ்கேல், கருவி, தேதி இருக்கட்டும். "ஃபைனல்" என்ற சொல்லைத் தடை செய்யுங்கள்.

## அறிகுறி: நன்றாகத்தான் போகிறது, ஆனால் முடியவே இல்லை

எக்கச்சக்கமாக டேக் (ஒரு முறை வாசித்த பதிவு) வருகிறது: பன்னிரண்டு நிமிட டேக்காக அனுப்பிக்கொண்டே இருக்கிறார், உங்களுக்குக் கேட்டுத் தேர்ந்தெடுக்கவே நேரமில்லை. மூன்று டேக், ஒவ்வொன்றும் நான்கு நிமிடம் என்று கேளுங்கள். தனக்கு எது பிடித்தது என்று அவரே ஒரு வரி எழுதி அனுப்பட்டும்.

வெட்டியதால் மனஸ்தாபம்: அவர் தந்த நீண்ட சோலோவிலிருந்து இரண்டு பாரை மட்டும் எடுத்து லூப் ஆக்கிவிட்டீர்கள், அவர் குரல் மாறிவிட்டது. ஜாஸில் இது புதிதில்லை, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் டேப்புகளைத் தயாரிப்பாளர் டியோ மாசெரோ பிளேடால் வெட்டி ஒட்டித்தான் எழுபதுகளின் பக்கம் ரெக்கார்டுகள் வந்தன. அங்கே வெட்டுவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, இங்கே அது பேசப்படவே இல்லை. டிராக்குக்கு ஒருவர் என்று கடைசி முடிவைப் பிரித்துக்கொள்ளுங்கள்: இது உங்களுடையது, அடுத்தது அவருடையது. அவர் டிராக்கில் அவர் உங்கள் பியானோவை முழுசாகத் தூக்கினாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு பேரும் "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொள்கிறீர்கள்: யாருக்கும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த டிராக்கை ஓரமாக வையுங்கள், அடுத்ததை ஆரம்பியுங்கள். இரண்டு பேரும் மதிக்கிற மூன்றாவது ஒரு காது இருந்தால், டிரம்ஸ் வாசிப்பவராக இருந்தால் இன்னும் நல்லது, அவரிடம் கொடுத்துக் கேட்கலாம்.

## அறிகுறி: வெளியிட்ட பிறகு காப்பிரைட் க்ளெய்ம் வந்திருக்கிறது

யூடியூபில் தானியங்கி க்ளெய்ம், நீங்கள் போட்டதோ ராயல்டி இல்லாத லூப்: அதே லூப்பை வேறு ஒருவரும் பயன்படுத்தித் தன் பாட்டை கன்டென்ட் ஐடியில் (பாட்டைத் தானாக அடையாளம் காண்கிற யூடியூபின் ஏற்பாடு) பதிந்திருப்பார். லூப் லைசென்ஸைக் காட்டி டிஸ்ப்யூட் போடுங்கள். நீங்களும் அந்த மாதிரி டிராக்கை கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள், அடுத்த ஆள் உங்களிடம் மாட்டுவார்.

பழைய ரெக்கார்டிலிருந்து எடுத்த சாம்பிள்: இத்தனை செகண்டுக்குக் கீழே என்றால் பரவாயில்லை என்று ஒரு சட்டமும் இல்லை. இசையமைப்புக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று, இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு, இசையமைப்புக்குப் படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. கூட்டாளியிடம் அந்தப் பகுதியைப் புதிதாக வாசிக்கச் சொன்னால் ஒலிப்பதிவு உரிமை தீர்ந்தது, இசையமைப்பு உரிமை அப்படியே நிற்கும்.

க்ளெய்ம் போட்டவர் உங்கள் கூட்டாளியே: பங்கு பேசாமல் வெளியிட்டுவிட்டீர்கள். இசையமைப்பில் யாருக்கு எத்தனை சதவீதம், ஒலிப்பதிவில் எத்தனை என்று இரண்டு வரி, இரண்டு பெயர், தேதி, மெயிலில் போட்டு அவரிடம் "சரி" என்று பதில் வாங்குங்கள். விநியோக நிறுவனம் கேட்பதும் ஐபிஆர்எஸ்ஸில் (இந்தியாவில் இசைக்கு ராயல்டி வசூலிக்கிற அமைப்பு) பதியும்போது கேட்பதும் இதே எண்கள்தான். தனித்தனியாக இரண்டு பேரும் பதிந்திருந்தால் ஒருவர் பதிவை எடுத்துவிட்டு ஒன்றாக்குங்கள்.

நோட்டீஸ் தானியங்கி இல்லை, வக்கீல் பெயரில் வந்திருக்கிறது: டிராக்கை இறக்கிவிட்டு, நீங்களாக எந்தப் பதிலும் எழுதாமல், சாம்பிளை எடுத்த மூலம், தேதியோடு கூடிய ப்ராஜெக்ட் ஃபைல்கள், அந்தச் சதவீத மெயில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காப்பிரைட் பார்க்கிற வக்கீலிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.